மேசைத் துணிக்கு அடியில் ஒரு கால்

மூன்று மாடிக் கடை அது. கீழே பாத்திரமும் செருப்பும், நடுவில் துணிமணி, மேலே திரைச்சீலையும் மெத்தையும். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல். வெளியே வரும் வாசலில்தான் மணியக்காவின் நாற்காலி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினோரு வருஷமாக அந்த வாசலின் சோதனை மணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் ஊர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, பஸ் ஓட்டுகிற அவள் புருஷனே சில நாள் வாய்தவறி அப்படிக் கூப்பிடுவதுண்டு.

அவளுக்கு முன்னால் கடையின் நிறத்திலேயே துணி போர்த்திய ஒரு மேசை. மேசைமேல் ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே ஒரு பலகை: 'சோதனைக்கு உரியவரை இயந்திரமே தேர்ந்தெடுக்கும். ஒத்துழைப்புக்கு நன்றி.' நீங்கள் கடந்து போகும்போது மணி அடித்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். அடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம். இயந்திரம் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிவிட்டால் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

இயந்திரமாவது மண்ணாவது. பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஒயர் துணிக்குள் இறங்கி, தையல் மிஷின் மிதி மாதிரி ஒரு சின்னக் கட்டையில் போய் முடிந்தது. கட்டைமேல் மணியக்காவின் இடது கால். கால் அமுக்கினால் மணி அடிக்கும். அவ்வளவுதான் அந்த விஞ்ஞானம்.

யாருக்கு அமுக்குவது என்று அவளிடம் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அங்கேதான் கடைக்காரர்கள் சாமர்த்தியம். அந்த ஊரில் பாலத்துக்கு இந்தப் பக்கம் கறுத்த ஜனங்கள், அந்தப் பக்கம் வெளுத்த ஜனங்கள். கடை இருந்தது அந்தப் பக்கம், மணியக்கா இருந்தது இந்தப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வாங்க வர்றவங்க யாரு, கை வைக்க வர்றவங்க யாருன்னு பார்த்தாலே தெரியும்மா. உனக்குத் தெரியாததா" என்றார். பிறகு அவள் கையை, அதன் நிறத்தை, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீ சோதிச்சா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றார். அவளுக்குப் புரிந்தது. வீட்டில் கைக்குழந்தை இருந்தது, புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. புரியாத மாதிரி தலையாட்டினாள். பதினோரு வருஷம் தலையாட்டினாள்.

அவளைப் புனிதமாக்கிக் காட்ட எனக்கு உத்தேசமில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்த தையல்காரி, மேஸ்திரி, கல்லூரிப் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் என்று எத்தனையோ பேருடைய பைக்குள் கையை விட்டுத் துழாவியவள் அவள். தெரிந்தவர்கள் என்றால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "மணி அடிச்சிருச்சு, நான் என்ன பண்ணட்டும்" என்பாள். அவர்களும் நம்பினார்கள். உனக்கு என்ன பொழப்பு பாரு என்று அவளுக்காகவே பரிதாபப்பட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

அதில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி.

தங்கச்சி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. பண்டக அறைச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். போன வருஷம் ஒரு நாள் தலைமையாசிரியை அம்மாவோடு வகுப்பறைக்குத் திரைச்சீலை வாங்க வந்திருந்தாள். அதற்கு முந்தின நாள்தான் மேனேஜர், "உங்க ஆளுங்க வந்தா மட்டும் உனக்குக் கால் வலிக்குதோ" என்று மணியக்காவிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அன்றைக்கு அவர் அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். தலைமையாசிரியை, வெளுத்தவர், முதலில் கடந்தார். மணி அடிக்கவில்லை. பின்னால் தங்கச்சி அக்காவைப் பார்த்துச் சிரித்தபடியே வந்தாள். மணி அடித்தது.

சீப்பு, கைக்குட்டை, மாத்திரை அட்டை, பாதி சாப்பிட்ட ரொட்டி, இடுப்பிலிருந்த பண்டக அறைச் சாவி எல்லாம் மேசைக்கு வந்தன. வெளுத்த அம்மா சாவியைப் பார்த்தார். மறுநாள் காலையில், "சாவி இனிமே என்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை தங்கச்சி அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். "அந்தப் பாழாப்போன மணிக்கு நான்தான் கண்ணுல பட்டேனா" என்றாள். மணியக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். தடவிக்கொண்டிருந்த கையை அப்படியே வெட்டி எறியலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம், தங்கச்சி போனால் என்ன செய்வது?

இந்த விஷயம் இப்படியே மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும், ஒரு நர்ஸ் மட்டும் வராமல் இருந்திருந்தால். ஆஸ்பத்திரி உடுப்போடு பிள்ளைக்குச் செருப்பு வாங்க வந்தவர், கறுத்தவர். மணி அடித்தது. நர்ஸ் பையைத் திறக்கவில்லை. "எனக்கு முன்னால வெளுத்தவங்க ஒன்பது பேர் போனாங்க. நான் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். அவங்கள்ல ஒருத்தருக்கும் அடிக்கலை" என்றார். வாசலிலேயே நின்றார். பின்னால் வரிசை செருப்புப் பகுதிவரைக்கும் நீண்டது. ஒன்றரை மணி நேரம் நின்றார் அந்த மகராசி. கடைசியில் மேனேஜரே வந்து வழிவிட வேண்டியதாயிற்று.

நர்ஸ் அதோடு விடவில்லை. அடுத்த மூன்று சனிக்கிழமையும் எதிர்ச்சாரியில், கையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தார். மணி அறுபத்திரண்டு தடவை அடித்தது. அதில் ஐம்பத்தேழு தடவை கறுத்தவர்களுக்கு. பத்திரிகையில் அது வந்ததும் ஊர் இரண்டுபட்டது. பஸ்ஸில், முடிவெட்டும் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. 'இயந்திரத்துக்கு நிறம் தெரியுமா? எல்லாவற்றையும் நிறத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள்' என்று ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார். ஓய்வுபெற்ற பாங்கி அதிகாரி ஒருவர், 'யோக்கியமானவர்கள் பையைத் திறக்க ஏன் பயப்பட வேண்டும்?' என்று கேட்டு எழுதினார். இந்தப் பெரிய மனிதர் பையை ஆயுசில் ஒருவரும் திறக்கச் சொன்னதில்லை. ஊருக்கு உபதேசம் செய்ய அது ரொம்ப வசதி.

"இயந்திரத்தைக் கொண்டாந்து எல்லார் முன்னாலயும் காட்டுங்க" என்று நர்ஸ் சவால் விட்டார். மேனேஜர் ஒப்புக்கொண்டார். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று. அவர் பக்கம் நின்று பார்த்தால் தப்பில்லை. பதினோரு வருஷத்தில் மணியக்காவின் காலும் கடைச் சாமான்களில் ஒன்று என்று அவருக்கு மனதில் பதிந்துவிட்டது. சாமான் எங்கேயாவது எதிர்த்துப் பேசுமா?

ஊர் மண்டபத்தில் கூட்டம். மேடையில் அதே மேசை, அதே துணி, அதே பெட்டி. மணியக்கா கடை உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். காலையில் புருஷன், "நீ எதுலயும் வாயைக் குடுக்காதே. ரெண்டு மாசத்துல எல்லாம் ஓஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மேடைக்குப் பின்னால் மேனேஜர் அவள் காதருகே குனிந்தார். "பத்துப் பேர் நடப்பாங்க. அஞ்சு பேர் எங்க பக்கம், அஞ்சு பேர் உங்க பக்கம். எங்கள்ல ரெண்டு பேருக்கு அடி, உங்கள்ல ஒருத்தருக்கு அடி. முடிஞ்சுது கதை."

எங்க பக்கம், உங்க பக்கம். யாருக்கு அமுக்குவது என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மணியக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது வரிசையில் தங்கச்சி உட்கார்ந்திருப்பதையும் அவள் பார்த்தாள்.

முதலில் வந்தவர் நகராட்சித் தலைவி, வெளுத்தவர். மணி அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே பையைத் திறந்தார். உள்ளே நகராட்சி அலுவலகப் பேனாக்கள் ஏழு இருந்தன. மண்டபம் கொல்லென்று சிரித்தது. அடுத்து நர்ஸ். மணி அடிக்கவில்லை. அடுத்து பத்திரிகை ஆசிரியர், வெளுத்தவர். மணி. மேனேஜர் முகம் மலர்ந்தது, இரண்டு ஆயிற்று. அடுத்து கறுத்த மேஸ்திரி. மணி அடிக்கவில்லை. அடுத்து மேனேஜரின் மனைவி. மணி அடித்தது. மேனேஜர் நிமிர்ந்து மணியக்காவைப் பார்த்தார். அவள் எங்கேயோ பார்த்தாள்.

அடுத்து ஒரு கறுத்த கல்லூரிப் பெண். மணி அடிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் அந்த ஓய்வுபெற்ற பாங்கி அதிகாரி. மணி அடித்தது. அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது என் சொந்தப் பை. இதைத் திறக்கச் சொல்ல நீ யாரு?" என்றார்.

"யோக்கியமானவங்க ஏன் சார் பயப்படணும்?" என்று நர்ஸ் கீழேயிருந்து கேட்டார். மண்டபத்தின் பாதி கைதட்டியது, பாதி எழுந்து கத்தியது. பாங்கி அதிகாரி முகம் சிவக்க மேடையைவிட்டு இறங்கினார்.

மேனேஜர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மன்னிக்கணும். வண்டியில கொண்டு வந்ததுல இயந்திரம் கொஞ்சம் கெட்டுப்போச்சு போல இருக்கு."

"கெடலை சார்" என்றாள் மணியக்கா.

எழுந்து, மேசைத் துணியை இரண்டு கையாலும் பிடித்து உருவினாள். பெட்டி சரிந்து விழப் போனது. ஒயரைப் பிடித்து இழுத்து மிதிக்கட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். உள்ளங்கையால் அமுக்கினாள். மணி அடித்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி அடித்தது.

"இதுதான் இயந்திரம். பதினோரு வருஷமா இதை அமுக்குனது என் கால். யாருக்கு அமுக்கணும்னு இவர் கண்ணாலயே சொல்லுவாரு. இன்னைக்குத்தான் வாயால சொன்னாரு."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கறுத்த கிழவர் எழுந்தார். "அப்போ எட்டுத் தடவை எனக்கு மணி அடிச்சு என் பையைக் கொட்ட வெச்சது நீதானா? நம்ம ஆளாயிருந்துக்கிட்டு?"

"நான்தான் பெரியவரே."

"வெக்கமா இல்லை?"

"இருக்கு. அதுக்காக வாயை மூடிக்கிட்டா இன்னும் பதினோரு வருஷம் நடக்கும்."

மேனேஜர் சும்மா இருப்பாரா. "பாருங்க, இவங்களே ஒத்துக்கிட்டாங்க. இது இந்த ஒரு அம்மாவோட தனிப்பட்ட தப்பு. கடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். அடடா, என்ன வேகம். ஆதாயம் அத்தனையும் அவருக்கு, பழி மட்டும் மணியக்கா தலையில்.

அப்போதுதான் தங்கச்சி எழுந்தாள். மேடைக்குக் கீழே வந்து நின்றாள். "அக்கா. அன்னைக்கும் நீதானா?"

மணியக்கா மிதிக்கட்டையைவிட்டுக் கையை எடுத்தாள். இல்லை என்று சொல்ல இனி மணியும் இல்லை, துணியும் இல்லை. "நான்தாண்டி. இவர் பின்னால நின்னாரு. பயந்துட்டேன். நான்தான் அமுக்கினேன்."

தங்கச்சி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேனேஜர் குனிந்து, "பாரும்மா, சொந்தத் தங்கச்சிக்கே இப்படிப் பண்ணியிருக்கா" என்று ஆறுதல் போலச் சொன்னார். தங்கச்சி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நடுவுல வராதீங்க. அவளுக்கும் எனக்கும் இருக்கிற சண்டை எங்க வீட்டுச் சண்டை. அதை நான் போட்டுக்குவேன். என் இடுப்புல இருந்த சாவி போனதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. இந்தக் கட்டையை எந்த ஆசாரி செஞ்சாரு, யாரு காசு குடுத்தா? அவளா?"

மேனேஜர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு நகரப் பார்த்தார். மண்டபம் விடவில்லை. அன்றைய கூட்டம் முடிவதற்குள் நகராட்சித் தலைவி விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டியதாயிற்று. மணியக்காவின் வேலை மறுநாளே போயிற்று. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவளை ஆஹா என்றார்கள். மீதிப் பேர் அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். அவள் இரண்டு சாரிக்கும் நடுவில் தலையை நிமிர்த்தியே நடந்தாள். திட்டுகிறவர்களை நின்று கேட்டாள், பதில் சொன்னாள்.

தங்கச்சி மட்டும் வரவில்லை. ஏழு வாரம் வரவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகல் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உன் பையை எடு."

மணியக்கா பையை எடுத்துவந்து சமையலறை மேசைமேல் வைத்தாள். கதவைச் சாத்தப் போனாள்.

"தெறந்தே இருக்கட்டும்" என்றாள் தங்கச்சி.

பக்கத்து வீட்டுக்காரி மாடிப்படியில் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தங்கச்சி பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். பணப்பை, மூக்குக்கண்ணாடி, வேலை கேட்டு எழுதிய விண்ணப்பங்கள், ஒரு பழைய உள்பாவாடை நாடா. நாடாவைக் கொஞ்சம் உயர்த்தியே பிடித்தாள். படியில் யாரோ சிரித்தார்கள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள்.

"எப்படி இருக்கு?"

"நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு" என்றாள் மணியக்கா. அவள் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இதை நாளைக்கு அங்க சொல்லு. பேப்பர்ல எழுதி வெச்சதைப் படிக்காதே. இதைச் சொல்லு." தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல்ல நான் பேசுறேன். அடுத்தது நீ. எதையும் பூசி மெழுகக் கூடாது, என்னைப் பத்தியும் சேர்த்துத்தான்."

"மெழுக மாட்டேன்."

"சரி. நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?"