சாக்கு என்றால் போதும்

மேகலாவுக்குக் கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பார்ப்பவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்துச் சமாதானம் சொல்ல வருவார்கள்; அதில் கோபம் இன்னும் ஏறும். தளிப் பக்கம் கன்னடம் பேசும் வீட்டில் பிறந்து, தமிழில் படித்து, ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். கணவன் முனிராஜுக்கு உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்க வேண்டும் என்று அவளாக ஆசைப்படவில்லை. பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அந்தப் படிப்பு முடித்தவர் ஒருவராவது வேண்டும் என்று தாளாளர் பெருமாள்தான் அவளைக் கூப்பிட்டார். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா. சர்டிபிகேட் பைல்ல இருந்தா போதும்."

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி. சனி, ஞாயிறு வகுப்பு. முனகிக்கொண்டே பஸ் ஏறியவள், முதல் பருவம் முடிவதற்குள் மாறிப்போனாள். "பேச்சு வராத புள்ளகூட ஏதோ ஒரு விதத்துல சொல்லிக்கினுதான் இருக்கும். அதக் கவனிக்கிறதுதான் உங்க மொத வேல" என்று ஒருங்கிணைப்பாளர் ஜெகதீஷ் ஒரு நாள் சொன்னதை அவள் பல நாள் மனதில் வைத்திருந்தாள். அருமையாகப் பாடம் நடத்துகிறவர். ஓசூர்க்காரர், நாலு மொழி சரளமாகப் பேசுவார். பிற்பாடு அவர்மேல் அவளுக்கு அத்தனை ஆத்திரம் வந்ததற்கு அதுவே காரணம்.

செய்முறைத் தேர்வு நாளன்று, ஓசூருக்கு வெளியே ஜெகதீஷுக்கு வேண்டியவர்கள் நடத்திய, சிறப்புப் பிள்ளைகளுக்கான ஒரு பகல்நேர மையத்திலிருந்து வேனில் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் கொஞ்சம், தேர்வு எழுதுகிறவர்கள் நிறைய. அதனால் ஒரே பிள்ளைக்கு ஒருவர் மாற்றி ஒருவர் பாடம் நடத்த வேண்டும். மேகலாவின் பிரிவுக்கு வந்தவள் அனுப்ரியா என்ற எட்டு வயதுப் பெண். அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பேச்சு குறைவு என்று சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து எல்லாரும் அவளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ண அட்டைகளையே காட்டினார்கள். சுவரோரம் முறைக்குக் காத்திருந்த மேகலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனுப்ரியா முதலில் அட்டைகளைச் சரியாகத்தான் எடுத்தாள். பிறகு தள்ளிவிட்டாள். பிறகு மெல்ல, "சாக்கு" என்றாள்.

தெற்கிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் நிமிர்ந்தார். "சாக்கா? கோணிச் சாக்கா?"

"சம்மந்தமில்லாம ஏதாவது சொல்லுவா சார்" என்றார் ஜெகதீஷ்.

கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்கு அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் போய் உட்கார்ந்து சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். "சாக்கு அக்கா, சாக்கு" என்றாள் குழந்தை. சாப்பாட்டு வேளை கடந்திருந்தது.

மேகலாவின் முறை வந்தது. அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குனிந்தாள். "ஊட்டா மாடாணா, புட்டி?"

சாப்பிடலாமா என்று கேட்டதும் அனுப்ரியா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மேகலா எழுந்து ஜெகதீஷின் பக்கம் திரும்பினாள். "சார், சாக்குன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"மேடம், இன்னும் கொஞ்ச பேர்தான். சீக்கிரம் முடிச்சுரலாம்."

"தெரியுமா தெரியாதா?"

"அழாதீங்க மேடம்."

"யாரு அழறா? காத்தாலேர்ந்து போதும் போதும்னு கெஞ்சிக்கினு கீது இந்தக் கொழந்த. கவனிக்கணும்னு பாடம் எடுத்தவரு நீங்க. சம்மந்தமில்லாத பேச்சுன்னு நீங்களே சொல்றீங்க! இதுக்குப் பேரு பரீட்சையா?"

வெளித்தேர்வாளரின் முகம் சிவந்தது. மேகலா அதைப் பார்க்க நிற்கவில்லை. குழந்தையோடு வெளியே போனாள்.

வேன் நிழலில் தாய் கெம்பம்மா உட்கார்ந்திருந்தாள். பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை. உள்ளே வந்தால் பிள்ளையின் கவனம் கலையும் என்று அவளை வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். மடியில் பிரிக்காத சாப்பாட்டு டப்பா. மகளைப் பார்த்ததும் சந்தோஷப்படுவாள் என்று மேகலா நினைத்தாள். கெம்பம்மா பதறி எழுந்தாள். "ஐயோ, ஏன் மேடம் கூட்டியாந்தீங்க? சார் கோச்சிக்குவாரு. நாளைக்கு சென்டர்ல சேக்க மாட்டாங்கோ."

அவள் பயந்தபடியே ஆயிற்று. அனுப்ரியாவை இனி அனுப்ப வேண்டாம் என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். மேகலாவுக்குச் செய்முறைத் தேர்வில் 'வரவில்லை' என்று போட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினாள். விசாரணைக்கு ஒருவர் வந்தபோது, உடன் படித்தவர்களில் பொற்கொடி ஒருத்திதான் நடந்ததைச் சொன்னாள். மற்றவர்கள் கவனிக்கவில்லை என்றார்கள்.

"மார்க்க வாங்கினு அப்பறமா சண்ட போட்டிருக்கலாமில்ல?" என்றான் முனிராஜ். அன்றைக்கு ஷிப்டுக்குச் சாப்பாட்டை அவனே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுவருடம் தேர்வு பிள்ளைகளின் மையத்திலேயே நடந்தது, ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று, சாப்பாட்டு நேரம் விட்டு. இது தன் திட்டம் என்று ஜெகதீஷ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்தித் தேறினாள்.

சான்றிதழ் வந்ததும் பெருமாள் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"சார், ஒரு கொழந்த கீது. அனுப்ரியான்னு பேரு. எங்கேயும் போகாம வீட்டுல கீது. அவள என் கிளாஸ்ல சேத்துக்கணும்."

"அதெல்லாம் மத்த பேரன்ட்ஸ் கேப்பாங்கம்மா. பைலுக்குத்தான் உங்கள..."

"பைல் பாடம் எடுக்காது சார். நான்தான் எடுக்கணும். அவ வந்தா இந்த சர்டிபிகேட்டும் வரும்."

பெருமாள் நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார். அங்கீகாரக் கெடு நெருங்கியது. கடைசியில் சரி என்றார்.

கெம்பம்மாவை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "மறுபடியும் சண்ட போட்டுத் தொரத்திவுட மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"சண்ட வரும்மா. தொரத்த விடமாட்டேன்" என்றாள் மேகலா.

ஜூன் மாதம் அனுப்ரியா பள்ளிக்கு வந்தாள். முதல் வாரமே இரண்டு பெற்றோர் புகாரோடு வந்தார்கள். மேகலா அவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, எதிரே நின்றபடியே பேச ஆரம்பித்தாள்.