வெர்னா வீட்டு ஐந்து படிகள்

வெர்னா குபியாக்கின் வீட்டு வாசலில் ஐந்து படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளுக்கு எங்கள் ஊர் கொடுக்கும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்கை அவளுக்குக் கொடுத்திருந்தால், நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். புல்வெளியில் சோப்பு நுரையைக் கொட்டிப் பனி என்றார்கள். கதைப்படி, போரில் செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த அப்பா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திரும்பி வருவார். படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவார். ஐந்தாவது படியில் கதவு திறக்கும். நாடே அழுதது. அன்றிலிருந்து டிசம்பர் வந்தால் ஓஹையோ மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கார்கள் வந்து எங்கள் தெருவை அடைத்துக்கொள்ளும். வருகிறவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நுரையில் கருகிப்போன அவளுடைய ரோஜாச் செடிகளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

நான் எதிர்வீட்டுக்காரன். இருபத்திரண்டு வருஷம் இந்தத் தெருவில் தபால் கொடுத்தவன். அந்தப் படத்து அப்பாவின் பேருக்கே குழந்தைகள் கடிதம் எழுதும். வெர்னா எல்லாவற்றுக்கும் பதில் போட்டாள், அப்பாவின் பேரிலேயே கையெழுத்துப் போட்டு. "சின்னப் பசங்க ஹோவி, காத்துக்கிட்டிருக்கும்" என்பாள்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், இருபத்தாறு வருஷம். கடைசிப் பத்து வருஷம் சக்கர நாற்காலிப் பிள்ளைகளுக்கான வண்டி. கடைசிப் பிள்ளைக்கு இருக்கைப் பட்டை மாட்டும்வரை வண்டியைக் கிளப்ப மாட்டாள். பின்னால் பத்துக் கார் ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். இன்று ஊரில் டை கட்டிக்கொண்டு திரிகிற பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தான்.

செப்டம்பரில் அவள் புருஷன் லெஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் திக்கியது. டிசம்பர் இருபதாம் தேதி அனுப்புகிறோம் என்றது ஆஸ்பத்திரி. வீட்டுக்குள் சக்கர நாற்காலி போக வழி இருந்தால் வீட்டுக்கு. இல்லாவிட்டால் நாற்பது மைல் தள்ளி ஒரு காப்பகத்துக்கு.

பின்வாசலில் பதினோரு படி, நிலமும் சரிவு. முன்வாசலில்தான் சாய்தளம் போட முடியும். ஆனால் வெர்னாவின் வீடு ஊரின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வாசலில் பித்தளைப் பலகை அடித்திருக்கிறார்கள். முகப்பில் ஆணி அடிப்பதற்கும் ஊர்ப் பாரம்பரியக் குழுவின் அனுமதி வேண்டும். நவம்பர் முதல் தேதியே மனு கொடுத்தாள். பதிலைக் கொண்டுவந்தவன் பிரெண்ட் ஹாலோவே. அந்தக் குழுவில் அவனும் உறுப்பினன். தொழில், வீடு விற்றுக்கொடுப்பது. இரண்டு தொப்பியும் ஒரே தலையில்.

நான் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மறுக்கலைங்க மிசஸ் குபியாக். சட்டப்படி மறுக்கவும் முடியாது. சீசன் முடியட்டும், மார்ச்ல விசாரணை வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"லெஸ்டர் டிசம்பர்ல வர்றாருடா."

"அதுக்குத்தான் இதைக் கொண்டாந்தேன்." குளிர்காலத்தில் வீட்டுச் சந்தை எப்படிப் போகும் என்று வண்ணக் கோடு போட்ட தாள் ஒன்றை மேசைமேல் விரித்தான். "மத்த வீட்டுக்கெல்லாம் டிசம்பர் செத்த மாசம். படத்துல வந்த வீட்டுக்கு அப்படியே தலைகீழ். டிவில படம் ஓடுற வாரத்துல வித்தா ஒன்றரை மடங்கு கிடைக்கும். ஜனவரி பொறந்தா விழுந்துரும். அந்தப் படிங்கதாங்க உங்க சொத்து. அதுமேல ராம்ப் போட்டா எவன் வாங்குவான்?"

வெர்னா தாளைப் பார்க்கவே இல்லை. "ஏன்டா பிரெண்ட், சினிமாவுல வீடு திரும்புற அப்பனுக்காக, நெசமா வீடு திரும்புற என் புருஷன் வெளிய நிக்கணுமா?"

அவன் எழுந்துகொண்டான். தாளை மட்டும் மறக்காமல் வைத்துவிட்டுப் போனான்.

இந்தப் படிகளை வைத்து விடுதி பிழைக்கிறது, மிட்டாய்க் கடை பிழைக்கிறது, பிரெண்டும் பிழைக்கிறான். வீட்டுக்காரி மட்டும் வீட்டை விட்டுப் போக வேண்டும். இதற்குப் பேர் பாரம்பரியமாம்.

வெர்னா அழவில்லை. ஊர் விதிப்புத்தகத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தாள். மூன்றாம் நாள் என் கதவைத் தட்டினாள்.

"ஹோவி, போன வருஷம் கோடிவீட்டுக்காரன் கூரை உசரத்துக்கு ஒரு காத்தடிச்ச சான்டா பொம்மையை நிறுத்தினானே, அனுமதி வாங்கினானா?"

"அதுக்கெதுக்கு அனுமதி? பண்டிகை அலங்காரம்."

"அதான். நவம்பர் கடைசியில வர்ற நன்றி நாளுக்கு மறுநாள்லேருந்து ஜனவரி ஆறு வரைக்கும், எந்த அளவுல வேணா வெச்சுக்கலாம்னு போட்டிருக்கு. ரம்பம் இருக்கா உங்கிட்ட?"

ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அது அவளுக்கு மனப்பாடம். முப்பத்தைந்து அங்குலப் படிகளுக்கு முப்பத்தைந்து அடிச் சாய்தளம், நடுவில் ஒரு திருப்பம். நாங்கள் இரண்டு பேரும் பட்டப்பகலில், ஊர் பார்க்க, பலகை அறுத்தோம். முகப்பில் ஓர் ஆணி அடிக்கவில்லை. எல்லாம் தன் காலிலேயே நின்றது. கைப்பிடி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக விளக்குச் சரம் சுற்றினாள். பிரெண்ட் ஓடிவந்தான்.

"என்னங்க இது?"

"அலங்காரம்டா. நல்லா இல்லியா?"

இருபதாம் தேதி சனிக்கிழமை. தெருவில் இரண்டு சுற்றுலாப் பேருந்துகள் நின்றன. ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து லெஸ்டரை இறக்கினோம். கூட்டத்தில் மான்கொம்புத் தொப்பி போட்ட ஒருத்தி கத்தினாள். "ஐயோ, படியெல்லாம் மறைச்சிட்டீங்களே! ஆறு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்திருக்கோம்!"

"அவரு மூணு மாசம் கழிச்சு வர்றாரு. வழி விடும்மா" என்றாள் வெர்னா.

கூட்டம் விலகியது. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். திருப்பத்தில் லெஸ்டர் நல்ல கையைத் தூக்கினார். வார்த்தை வர வெகுநேரம் ஆயிற்று.

"மெ...துவா. இது... பஸ்ஸில்ல."

"வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்றாள் அவள். அவள் முகம் முழுக்க ஈரம்.

ஜனவரி ஏழாம் தேதி காலையிலேயே பிரெண்ட் நோட்டீஸோடு வந்தான். அலங்காரம் அகற்றப்பட வேண்டும். வெர்னா விளக்குச் சரங்களைக் கழற்றிச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தா அலங்காரம். மிச்சம் இருக்கிறது வழி. அதுக்கு நவம்பர்லயே மனு குடுத்தாச்சு."

"வீடு விலை போகாதுங்க மிசஸ் குபியாக். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"விக்கிறதுக்காடா அவரைக் கூட்டியாந்தேன்?"

அந்தச் சாய்தளம் இருக்கலாமா கூடாதா என்று மார்ச் ஒன்பதாம் தேதி நகர மன்றத்தில் விசாரணை. லெஸ்டரும் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமாம். அந்தச் சாய்தளத்தின் வழியாகத்தான் அவர் இறங்கி வர வேண்டும்.