முகத்துவாரத்திலிருந்து கல்மண்டபம்: ஒரு ஜெட் ஸ்கீ பம்போடு

இல்லை, வேகத்துக்காக இல்லை. நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீக்கு இம்பெல்லர் தேடுகிற எல்லோரும் பந்தயத்துக்குப் போவதில்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்தான் இம்பெல்லர். எங்களுடையது ஒரு கடற்கரை விடுதி கழித்துப்போட்டது. என் அண்ணன் வாங்கி, பெரிய எஞ்சின் பூட்டினான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்குவதற்கு. ஓட்டுவது நான்.

மூன்று வாரம் முன்பு எங்கள் குப்பத்து மணி அண்ணனின் படகு கவிழ்ந்தது. முப்பது மீட்டர் தூரத்தில் இருந்தேன். எஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை. அலை அவரை இரண்டு முறை காட்டியது. பிறகு காட்டவில்லை.

"தண்ணி அப்டி. நீ இன்னா பண்ணுவே" என்றது குப்பம். அவர் மனைவி ரேகா அக்காவும் அதையே சொன்னார்.

சனிக்கிழமை காலை 7.10. கழற்றிய பம்பு அரிசிச் சாக்கில். திருவொற்றியூர் வரை ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய், சாக்குக்கு இருபது. பிறகு பேருந்து. மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒன்றே முக்கால் மணி நேரம். இடப்பக்கம் அலைத்தடுப்புக் கருங்கல், அதற்கப்பால் கடல். பார்க்கவில்லை.

கல்மண்டபத்துச் சந்தில் கஜாவின் லேத். விசைப்படகு வேலைதான் அதிகம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். சாக்கைப் பிரித்ததும் சிரித்தார்.

"இன்னாமா இது, மிக்ஸி ஜாரா?"

இப்போதிருக்கும் இம்பெல்லரின் இதழில் சாய்வு அதிகம். உச்ச வேகம் கிடைக்கும். கிளம்பும்போது இழுவை குறைவு. தேர்ந்தெடுத்தது நான். தவறு அதுதான் என்று அவர் சொல்லட்டும் எனக் காத்திருந்தேன். வாங்கும்போது செய்த தவறு. அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

அவர் இதழுக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தார்.

"கால் மில்லி கேப்பு இருந்தா போதும். இங்க ஒரு மில்லி தகடே சும்மா போவுது பாரு. தண்ணி பின்னால போவாம உள்ளயே சுத்திகினு கீது. இம்பெல்லர் மேல பழி போடாத. வளையத்த மண்ணு தின்னுக்கீது. எங்கமா ஓட்டுனே, ரோட்லயா?"

குப்பத்தில் ஃபைபர் படகை ஓர் அலையின் மேல் முழு வேகத்தில் கரையேற்றுவோம். மணல் தட்டும் முன் புரொப்பெல்லரைத் தூக்கிவிடுவோம். ஜெட் ஸ்கீயில் தூக்க எதுவும் இல்லை. அடிவயிற்றால் மணலை உறிஞ்சும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த மணல். ஒவ்வொரு மாலையும் அப்படித்தான் ஏறினேன். கரையில் கைதட்டுவார்கள்.

"முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியாமயா? கெளம்பசொல்ல வழுக்கிகினு இருந்திருக்குமே. கவனிச்சியா இல்லியா?"

கவனித்தேன்.

போகிறவர்களுக்கு: இம்பெல்லரை மட்டும் கொண்டுபோகாதீர்கள், முழு பம்பையும் கொண்டுபோங்கள். இழுவை வேண்டுமென்றால் சாய்வு குறைந்த இதழ். ஆனால் இடைவெளி சரியில்லாமல் எந்த இதழும் இழுக்காது. இதழின் முன்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள்; மழுங்கியிருந்தால் மணல் போயிருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே எஞ்சினை அணைத்து, இறங்கித் தள்ளுங்கள். புது வளையம் கடைந்து பொருத்த 2,800 ரூபாய், மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை லேத் கிடையாது.

இரண்டரை மணிக்குக் குப்பம் திரும்பினேன். வீட்டுக்குப் போகவில்லை. ரேகா அக்கா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சாக்கை இறக்கிவைத்தேன். அன்று கைவிட்டது பம்பு என்று சொன்னேன். அது வழுக்குவது அதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.