தண்டவாளத்தில் சொன்ன ‘ஓம்’

தொலைபேசியை எடுத்த மகள், “அப்பா, சிவகுருநாதன் எண்டு ஒராள் மோசம் போயிட்டாராம்” என்றாள். அப்படி யாரையும் தெரியாது, நம்பர் மாறி அடித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் காலைச் சாப்பாட்டுப் பாணைக் கடித்தேன். திரும்பவும் மணி அடித்தது. போனது நம்முடைய பனி அண்ணை. ஒன்பது வருடம் கூட வேலை செய்த எனக்கு, அவர் இறந்த அன்றுதான் அவருடைய முழுப்பெயர் தெரிந்தது. இங்கே அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கும் அப்படித்தான் என்பது ஒரு ஆறுதல்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தெற்கு லண்டனில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு குட்டி ரயில்பாதை. அதில் விழும் பனியை அகற்றுவது எங்கள் வேலை. எனக்கு ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், சோதனைக்காலம். அதில் தேறி நிரந்தர வேலைக் கடிதம் வாங்கினால்தான், கொழும்பில் காத்திருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் கூப்பிடலாம்.

நான்காம் கிழமை கடும் பனி. தண்டவாளம் பிரியும் இடத்தில், ரயிலின் வழியை மாற்றும் இரும்பு நாக்கு இறுகி அசையவில்லை. படிப்புக் குறைவென்றாலும் மூளை உண்டு என்று காட்ட, பிளாஸ்கிலிருந்த தேநீர் முழுவதையும் அதில் ஊற்றினேன். பனி கரைந்தது. நான் பெருமையோடு நிமிர்வதற்குள் பால், சீனியோடு சேர்ந்து கண்ணாடியாக உறைந்துவிட்டது. ரயில் ஒன்று காத்து நின்றது.

மேற்பார்வையாளர் வந்து, தொடர்ந்து வேலை செய்ய ஏலுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. “ஓம், ஓம்” என்றேன். லண்டன்காரர் ‘ஹோம்’ என்பதில் முதல் எழுத்தை விழுங்கிவிடுவார்கள். நான் வீட்டுக்குப் போகக் கேட்கிறேன் என்று நினைத்து, அவர் என் பெயரை வெட்டப் பேனையை எடுத்தார்.

அண்ணை பனி அள்ளும் சவளோடு ஓடி வந்தார். எங்கள் பாஷையில் அது ‘யெஸ்’ என்று விளக்கினார். மனிதர் சிரித்துவிட்டார். அண்ணை என் பக்கத்தில் முழங்கால் ஊன்றிக் கிண்டத் தொடங்கினார்.

“தேத்தண்ணி குடிக்கிறதுக்கடா தம்பி. நாக்குக்குப் பின்னால கிண்டு. துடைச்சாப் போதாது, அசைச்சுப் பார்.”

அசைந்தது. ரயிலும் போனது.

கோடைக்கு முன்பே கடிதம் கிடைத்தது. தொலைபேசியை எடுத்த மகள்தான் அந்தக் கைக்குழந்தை. குழாய் திருத்தினாலும், அவளுடைய பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்பினாலும், “அசைச்சுப் பார்” என்று எனக்குள் ஒரு குரல் கேட்கும். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த மேற்பார்வையாளருக்குக் கேட்டது பிழையில்லை, அண்ணை. அண்டைக்கு எனக்கு வீட்டை போகவேணும் போலத்தான் இருந்தது.