பேனரில் இடம் கிடைக்காத பெரியவர்

காலை எட்டரைக்கெல்லாம் தி. நகர் போய்ச் சேர்ந்துவிட்டேன். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்த அலுப்பு இருந்தாலும், பெரியவர் வாழ்ந்த வீட்டை அவர் பிறந்தநாளன்று பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. எளிமைக்குப் பேர்போன அந்தத் தலைவரை எங்கள் வீட்டில் பெரியவர் என்றுதான் சொல்வோம். டெல்லி வரை செல்வாக்கோடு இருந்த மனிதர். வீட்டில் இருந்ததோ ஒரு கட்டில், ஒரு மேசை, சில வேட்டி சட்டைகள். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். எனக்குத்தான் வெளியே வர மனமில்லை.

அடுத்து பெசன்ட் நகர் கடற்கரை. ஏழெட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று சொன்னதும் ஓட்டுநர் ஏழுமலை குஷியாகிவிட்டார்.

"எங்க குப்பத்துலயும் இன்னிக்கி அவருக்குத்தான் விழா சார். எங்கக்கா கஸ்தூரி மீன் விக்குது, அதான் நடத்துது. பேனர வாங்கிக்கினு போய்டலாம், நீயும் வா சார்."

அடையாறில் வாங்கிய பேனர் சுருள் ஆட்டோவுக்குள் அடங்காமல், என் மடியில் ஏறித் தெருவுக்கு நீட்டிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்குக் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பம். மீன் விற்கும் பெண்கள் மாலையோடு காத்திருந்தார்கள். பேனரை விரித்ததும் கஸ்தூரியின் முகம் மாறியது. கூலிங் கிளாஸ் போட்ட ஏழுமலை, கைகூப்பிய ஏழுமலை, போன் பேசும் ஏழுமலை, சுற்றிலும் அவருடைய கூட்டாளிகள் பன்னிரண்டு பேர்.

"அவரு எங்கடா?"

"மூலைல கீறாரு பாருக்கா. டிசைன்ல இடம் பத்தல."

"தீப்பெட்டி சைசுல கீறாரு! எங்கம்மா அவரு போட்ட சோத்தத் துன்னுதான் நாலெழுத்து படிச்சிது. அந்த நெனப்புலதான் இந்த விழாவே. இப்ப இன்னா, உன் மூஞ்சிக்கு மாலை போடவா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் கஸ்தூரியின் கண் கலங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டேன். எங்கள் சேலத்தில் மட்டும் என்ன வாழுதாம்? காதுகுத்து பேனரில் குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"வேற அடிச்சிக்கினு வந்துர்றேன்க்கா."

"விழா இப்ப நைனா. நீ பொங்கலுக்கு எட்த்தாருவ."

கஸ்தூரி மீன் அறுக்கும் கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்தார். பெரியவரின் முகத்தை மட்டும் பிசிறில்லாமல் வெட்டி எடுத்து, ஒரு அட்டையில் ஒட்டி, தன் மீன்கடைக்கருகே நட்ட மூங்கிலில் கட்டினார். கொண்டுவந்த மாலை படத்தைவிடப் பெரிதாக இருந்ததால் ஒரு முழம் மல்லிகையோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரும் குனிந்து குனிந்து கும்பிட்டார்கள்.

ஏழுமலை மிச்சப் பேனரைச் சுருட்டிக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"எங்கடா எட்த்துக்கினு போற? நாலு கம்பு நட்டு மேல கட்டு. வெயிலு மண்டையப் பொளக்குது."

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, நண்பகலில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மனசு நிறைந்திருந்தது. கூட்டாளிகள் பன்னிரண்டு பேரும் மூன்று ஏழுமலைகளும் வானத்தைப் பார்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பெரியவர் கீழே நிழலில், மீன்காரப் பெண்களுக்கு நடுவில் இருந்தார்.