கிழக்கே பொங்கிய பால்

நேற்றுக் காலை பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் வழிந்தது. பால் கருகும் அந்த மணம், தித்திப்பும் தீய்ச்சலும் கலந்தது, மூக்கில் ஏறிய கணத்தில் நான் பல வருடங்களுக்கு முந்திய கார்ட்டியர்வில்லில், என் நண்பன் நேசனின் குசினியில், ஒரு நவம்பர் பின்னேரத்தில் நின்றேன்.

அந்த அடுப்பை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பச்சை எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. சினைமாடொன்று குசினிக்குள் வந்து படுத்துவிட்டதுபோலக் கிடந்தது. எண்ணெயில் எரியும். மேலே சமைக்கலாம், அதன் வயிற்றில் கொதிக்கிற தண்ணீர் குழாய்களுக்குள்ளால் ஓடி அறைகளைச் சூடாக்கும் ஏழு இரும்பு ரேடியேற்றர்களையும் காய்ச்சவேண்டும். வீட்டை விற்றவர் அதை எங்கிருந்தோ கப்பலில் இறக்குவித்தாராம். நான் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். கப்பலில் வந்தது என்றால் எதற்கும் கொஞ்சம் மரியாதை கொடுப்பேன்.

செப்டெம்பரில் வீடு குடிபுகுந்தார்கள். குளிர் இன்னும் வரவில்லை என்று, அன்று ஒரு நாள் மூட்டியதோடு அடுப்பை அணைத்தாயிற்று. அக்டோபரில் நேசனின் மனைவி ரதிக்கு மகள் பிறந்தாள், குறித்த நாளுக்கு ஏழு கிழமை முந்தி. ஒரு றாத்தல் பாண் ரொட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளை. ரதி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். நேசன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடி, வந்து உடுப்போடு விழுந்து படுத்தான். வீடு குளிர்வது அவனுக்கு உறைக்கவே இல்லை. நாளைக்குப் பிள்ளையை விடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றுதான் அடுப்பை மூட்டினான். அடுப்பு தகதகவென்று காய்ந்தது. ரேடியேற்றர்கள் ஏழும் பிணம்போலக் குளிர்ந்து கிடந்தன.

ரதி தொலைபேசியில் ஒன்றுதான் சொன்னாள். "வீடு சூடாகாட்டிப் பிள்ளையைக் கொண்டுவர மாட்டன். நீங்கள் உங்கடை அடுப்போடை குடும்பம் நடத்துங்கோ."

திருத்துகிறவர்கள் அடுத்த கிழமை வருவதாகச் சொன்னார்கள். நேசன் மின்சார ஹீற்றர் இரண்டை இரவல் வாங்கிக் கொழுவினான். ஃபியூஸ் போய் வீடே இருண்டது. என்னைக் கூப்பிட்டது பிறகுதான்.

எனக்கு ஒரு திறமை உண்டு. தெரியாத வேலையைத் தெரிந்த முகத்தோடு செய்வேன். "குழாய்க்குள்ளை காத்துப் பிடிச்சிருக்கு" என்று அறிவித்துவிட்டு ரேடியேற்றரின் மூலையிலிருந்த சிறு ஆணியைத் திருகினேன். கறுத்த தண்ணீர் முகத்தில் பீறிட்டது.

"தீபாவளிக்கு முழுகாத குறை தீர்ந்துது மச்சான்" என்றான் நேசன். சிரித்தான், ஆனால் கண் சிவந்திருந்தது. மற்ற ஆறையும் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கோமதி படியேறி வந்தாள். நிலவறை அறையில் வாடகைக்கு இருந்த சென்னைப் பிள்ளை. எஞ்சினியரிங் படித்து முடித்து, கல்கரியில் வேலை கிடைத்து, மறுநாள் பின்னேரம் விமானம். பெட்டி ஒட்ட டேப் கேட்டு வந்தவள், என் கறுத்த முகத்தைப் பார்த்து, "யார் அண்ணா அடிச்சா?" என்றாள்.

விசயத்தைச் சொன்னோம். கோமதி ஒரு கருவியும் எடுக்கவில்லை. அடுப்பிலிருந்து புறப்படும் குழாயில் உள்ளங்கையை வைத்தாள், உடனே எடுத்தாள். ஒரு முழம் தள்ளி வைத்தாள். இன்னொரு முழம். சாண் சாணாகச் சூட்டின் பின்னால் போய், அது செத்த இடத்தில் நின்றாள்.

"தண்ணி கொதிக்குது, நகரல. பம்ப் தள்ளணும்ணா. பம்ப்புகிட்ட 'சூடாயிடுச்சு, ஓடு'ன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கணுமே. அவன் எங்க?"

அவன் அடுப்பின் முதுகுக்குப் பின்னால், குழாயோடு கட்டிய தீப்பெட்டியளவு சுவிட்ச் பெட்டியில் இருந்தான். அடுப்பை அணைத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு சுவருக்கும் அடுப்புக்கும் இடையில் புகுந்து பெட்டியைத் திறந்தாள். அந்த மணம் வந்தது.

"என்னது இது, பாலாடையா?"

நானும் நேசனும் ஆளையாள் பார்க்கவில்லை.

குடிபுகுந்த அன்று பால் கிழக்கே பொங்கவேண்டும் என்று எல்லோரும் நின்றார்கள். கிழக்கு அடுப்புக்குப் பின்சுவர். பால் எந்தப் பக்கம் போகுமோ என்று ரதி தவித்ததைப் பார்த்துப் பானையின் மேற்குப் பக்க அடியின் கீழ் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு கரண்டியைச் செருகினேன். பால் கிழக்கே பொங்கியது. சும்மா இல்லை, சுவரோடு அருவிபோல இறங்கியது. "என்ன வடிவாப் பொங்கினது!" என்று சனம் கைதட்டியது.

"கரண்டி வைச்சது நான்" என்றேன்.

நேசன் என்னைப் பார்த்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். "அப்ப கடவுள் இல்லையோடா?" என்றான், அதிர்ந்துபோய்.

கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் நகம் தேய்க்கும் அரத்தால் கருகிய பாலைச் சுரண்டினாள். பெட்டியை மூடினோம். அடுப்பை மூட்டினோம். மூன்று பேரும் தரையில் குந்தியிருந்தோம்.

ஒரு 'டிக்'. அவ்வளவுதான். பிறகு பம்ப் மெல்ல முனகியது.

அதற்குப் பிறகு கேட்டதை எப்படிச் சொல்ல? சுவருக்குள் தண்ணீர் எழுந்து நடந்தது. குழாய்கள் நெட்டி முறித்தன. மேல்மாடியில் எங்கோ இரும்பு தொண்டையைச் செருமிற்று. நாங்கள் அறை அறையாக ஓடினோம், பைத்தியங்கள்போல ரேடியேற்றர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. "இஞ்சை வந்திட்டுது!" "இங்கயும்!" பிள்ளைக்கென்று ஒதுக்கிய சின்ன அறைதான் கடைசி. அதன் இரும்பு முதலில் குளிராக, பிறகு குளிரில்லாமல், பிறகு உயிருள்ள ஒன்றின் விலாபோல இளஞ்சூடாக என் கைக்குள் மாறிற்று. எத்தனையோ கோயில்களில் நின்றிருக்கிறேன். அவ்வளவு வாயடைத்து வேறெங்கும் நின்றதில்லை. நேசன் அந்த இரும்பில் நெற்றியை வைத்து அழுதான்.

மறுநாள் ரதி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனாள். சின்ன அறைக்குள் கனநேரம் நின்றாள். பிறகு பிள்ளையின் கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். அந்தத் தலையை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்: பூனைமுடியும், துடிக்கிற உச்சியும்.

இன்று அந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. பச்சை அடுப்பைப் பழைய இரும்புக்காரன் துண்டு துண்டாக வெட்டி ஏற்றினான். நேசன் குடும்பம் ஒட்டாவா பக்கம் போய்விட்டது. கோமதியின் தொலைபேசி எண் எழுதிய கடதாசி எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ. அவளை நாங்கள் பிறகு காணவே இல்லை.

ரதி வந்த அன்றே கோமதியின் டாக்சியும் வந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றிவிட்டு, கதவைப் பாதி திறந்து பிடித்தபடி கோமதி நின்றாள். காலடியில் பனிக்காற்று உள்ளே வந்தது. "அக்கா… பாப்பாவ…" என்று இழுத்தாள். ரதி பிள்ளையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் குரல் அவள் குரலேதான்.

"தங்கச்சி, கதவைச் சாத்திப்போட்டுப் போம். சூடு வெளியாலை போகுது."