துண்டுக்கு அடியில் ஒரு கழுத்து

கழுத்து எனக்கு ராசியில்லாத உறுப்பு. மதுரையில் டாக்டர் படிப்பின் கடைசித் தேர்வில் கழுத்து வீங்கிய ஓர் அம்மாவை என் முன்னால் உட்கார வைத்தார்கள். தைராய்டு வீங்கியிருந்தால் எச்சில் விழுங்கும்போது வீக்கமும் கூடவே ஏறி இறங்கும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் தேர்வே. நான் நாடியைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், விரல் நடுக்கத்தைப் பார்த்தேன். வருஷா வருஷம் தேர்வுக்கு வந்து பழகிய அந்த அம்மா, பொறுக்க முடியாமல் தானாகவே மூன்று தடவை விழுங்கிக் காட்டினார். பாவம், தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்தபோது நான் தேர்வாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் தள்ளித்தான் டாக்டரானேன்.

அதற்குப் பிறகாவது கழுத்தின்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் உச்சிப்புளியில் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சித்திரை மாதப் பகலில், உள்கிராமத்திலிருந்து ஒரு விவசாயியை வேனில் தூக்கி வந்தார்கள். களத்தில் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தவருக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்து, ஆள் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நாற்பது வயதிருக்கும். வலிப்புக்கு இரும்பு கொடுக்கிற வழக்கப்படி கையில் வீட்டுச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். மூடநம்பிக்கையைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே அந்தச் சாவியை வாங்கி அவருடைய உள்ளங்காலைக் கீறினேன். வலது பெருவிரல் மேலே நிமிர்ந்தது. மூளையின் இடப்பக்கத்தில் ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தம். எனக்கு என்மேல் மரியாதை கூடியது.

மயக்கம் தெளிந்ததும் அந்த மனிதர் செய்த முதல் வேலை, கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டதுதான். டாக்டரைக் கண்டால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற ஊரில், துண்டை எடுக்காத ஒருவர்! சுயமரியாதைக்காரர் என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, துண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதித்தேன்.

மதுரையில் எடுத்த ஸ்கேன் என்னை மெச்சியது. மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி வெளிச்ச வளையம். வளையம் பலதுக்கும் வரும். என்னிடமிருந்த தடித்த புத்தகத்தில் புற்றுக்கட்டிக்குத்தான் அதிகப் பக்கங்கள். படித்த பக்கங்கள் வீணாகக் கூடாதல்லவா? இருமல் இல்லை, நெஞ்சுப் படமும் சுத்தம். புற்றுக்கட்டி என்று சந்தேகம் எழுதினேன். மதுரை நிபுணரும் தலையைத் திறந்து பார்த்துவிடலாம் என்று நாள் குறித்தார்.

"தெறந்தா மறுபடி மூடிருவாகளா அய்யா?" என்று கேட்டார் விவசாயி.

"மூடுவாங்கப்பா." அவர் எழுந்து நடப்பாரா, வலது கை மண்வெட்டி பிடிக்குமா என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மதுரைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், கடிதம் வாங்கப் புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.

"ஆப்பரேசனுக்குப் போகயில செயினக் கழட்டணும்னு சொல்றாக. கழட்டுனா வீக்கம் கூடிருமே அய்யா?"

"எந்த வீக்கம்?"

"கழுத்து வீக்கந்தான். பொன்னுக்கு வீங்கி. பொன்னு போட்டாத்தான வடியும்?"

துண்டை அவிழ்க்கச் சொன்னேன். மனிதர் வெட்கப்பட்டு நெளிந்தார். உள்ளே தடிமனாக ஒரு பெண்பிள்ளைச் சங்கிலி, அதன்மேல் காய்ந்த சந்தனம், அதற்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று கட்டிகள்.

"எத்தனை நாளா இருக்கு?"

"மாசிக் களரிக்குக் கொலசாமி கும்புட்டு வந்ததுல இருந்து."

அப்போது ஆனி மாதம். பொன்னுக்கு வீங்கி பத்து நாளில் வடிந்துவிடும். "நாலு மாசமா வடியலையே, சந்தேகம் வரலையாம்மா?"

"வராம இருக்குமா? தங்கம் மட்டமோன்னுதான் எங்க நாத்தனா செயின வாங்கி மாத்திப் போட்டோம். ஸ்கேனுக்குக் கழட்டுன அன்னைக்குத்தான் இன்னும் கூடிருச்சு."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நீங்க தலைக்குத்தான பாத்தீக! கழுத்துக்கு வேற சீட்டு போடணுமாக்கும்னு இருந்துட்டோம்."

அதற்குள் புருஷன், "ஆம்பள செயின் போட்டுக்கிட்டுத் திரியிறத ஊர்ல சொல்லிறாதீக அய்யா," என்றார். மண்டையைத் திறந்துகொள்ள நாளைக்கு மதுரைக்குப் போகிற ஆளின் கவலை அது.

காசநோய் நெஞ்சுக்குத்தான் வரவேண்டும் என்றில்லை. கழுத்தில் இப்படித்தான் கொத்தாகக் கட்டும்; மூளையில் போய் உட்கார்ந்தால் ஸ்கேனில் அதே வளையத்தைத்தான் போடும். இரும்பைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் பொன்னைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: தலையைத் திறக்குமுன் கழுத்தைப் பார்க்கவும்.

மதுரையில் கழுத்துக் கட்டியில் ஒரு துணுக்கு வெட்டிப் பார்த்தார்கள். காசநோய்தான். ஆப்பரேஷனைத் தள்ளிவைத்து மாத்திரை ஆரம்பித்தார்கள். தை பிறந்து எடுத்த ஸ்கேனில் வளையம் போய், மிளகாய் விதை அளவுக்கு ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியிருந்தது. என் நுணுக்கமான பரிசோதனையைப் பாராட்டி நிபுணர் இரண்டு வரி எழுதியிருந்தார். மறுப்பு எழுத நினைத்தேன். இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெறும் கழுத்தோடு வந்தார். கூட வந்த அம்மா, "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, மொதச் செயினு மட்டம்னு. நாத்தனா செயினுக்குத்தான் கேட்டுச்சு," என்றார்.

"அப்ப மாத்திரை?"

"அதுவும் ஒரு பக்கம் கேட்டிருக்கும்யா."

எனக்குக் கிடைத்த பாராட்டும் கிட்டத்தட்ட அந்தச் செயினுக்குக் கிடைத்த மாதிரிதான் என்பதால் வாதாடவில்லை.

"செயின் இப்ப எங்க?"

"எங்க ஊர்லதான். கழுத்து வீங்கிக் கெடக்குன்னு பக்கத்துத் தெருவுல ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயிருக்காக. ஆளுக்கு ஒரு வாரம்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "அந்த ரெண்டு பேரையும் நாளைக்கே இங்க கூட்டிட்டு வாம்மா. செயினோடயே வரட்டும். துண்டு மட்டும் வேண்டாம்."